நோய் வெளியே வருகிறது

அந்த ஹோமியோபதி நிலையத்தில் யாருக்காவது நோய் அதிகமானால் மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் காத்திருப்பவர்கள் எல்லோரும் கை தட்ட வேண்டும். முதல் தடவை போனபோது டிரம்காரருக்கு இது தெரியாது. முகமெல்லாம் சிவந்து வெடித்த ஒரு மனிதரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்கள். மணி அடித்தது. எல்லோரும் தட்டினார்கள். நாம் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று டிரம்காரரும் தட்டினார். அந்த மனிதர் கண்ணைத் திறக்க முடியாமலே எல்லோருக்கும் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

டிரம்காரர் என்பது ஆலையில் வைத்த பெயர். அவர் காப்பிக்கொட்டை வறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறார். பெரிய இரும்பு டிரம் நெருப்பின் மேல் சுற்றும். அதன் வாய்ப்பக்கம் நின்று, கொட்டையின் நிறத்தைப் பார்த்து, "இறக்கு" என்று சொல்வது அவர் வேலை. கொஞ்சம் முந்தினால் பச்சை, கொஞ்சம் பிந்தினால் கரி. எது நடந்தாலும் தப்பு அவருடையதுதான். அதனால் தப்பை ஏற்றுக்கொள்வதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் நிலையத்துக்குள் நுழைந்தார்.

அவர் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் பாப்பா. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். ஆஸ்பத்திரியில் எக்ஸிமா என்றார்கள். தோல் டாக்டர் அம்மா ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். தடவினால் அடங்கும். விட்டால் கொஞ்ச நாளில் திரும்ப வரும். அவர் அதை ஒளிக்கவில்லை. இது போவதும் வருவதுமாகத்தான் இருக்கும், தோலைக் காயவிடாதீர்கள், வளர வளர அநேகமாகக் குறையும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இவ்வளவு சுருக்கமாகப் பேசும் டாக்டரை நம்ப மச்சானுக்கு மனம் வரவில்லை. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவர். நிலையத்தில் மூட்டுவலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"களிம்பு நோயை உள்ள தள்ளுது மாப்ள," என்றார். "உள்ள போனது சும்மா இருக்குமா? நாளைக்கு நுரையீரல்ல போய் உக்காந்துக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

டிரம்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையாலேயே பாப்பாவின் நோயை உள்ளே தள்ளியிருக்கிறோமே என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே நிலையத்துக்குப் போனார்கள்.

முதல் விசாரணையே அரை நாள் ஓடியது. உதவி டாக்டர் என்ற மெலிந்த இளைஞர் கேட்டுக்கொண்டே போனார். பாப்பா இடிக்குப் பயப்படுவாளா? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள்? தூங்கும்போது தலையில் வேர்க்குமா, காலில் வேர்க்குமா? கனவில் நாய் வருமா? வந்தால் துரத்துமா, கூட நடக்குமா? பாப்பாவைப் பற்றி இவ்வளவு அக்கறையாக இதுவரை யாரும் கேட்டதில்லை. பாதிக் கேள்விக்குத் தனக்கே பதில் தெரியவில்லையே என்று டிரம்காரருக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு கேள்வி பெற்றோர் பக்கம் திரும்பியது. குழந்தை வயிற்றில் இருந்தபோது யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று கேட்டார் உதவி டாக்டர். மனைவி யோசித்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, முழுகாமல் இருக்கிறேன் என்று சொன்னபோது இவர் மட்டும் "இப்பவேவா?" என்று கேட்டார், அவ்வளவுதான் என்றார்.

உதவி டாக்டரின் பேனா நின்றது. எழுந்து உள்ளே போய்ப் பெரிய டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பெரிய டாக்டர் வெள்ளைத் தாடியோடு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் ஊதி ஆறவைத்துத் தருவதுபோலப் பேசினார்.

"தோல்னா என்ன? கதவு. உள்ள வர்ற ஒரு உயிரைப் பார்த்து 'இப்பவேவா'ன்னு கேட்டா அது எப்படி உள்ள வரும்? வாசல்லயே நின்னுடும். உங்க பொண்ணு ஏழு வருஷமா வாசல்ல நின்னு தட்டிட்டு இருக்கா. அதைத்தான் நீங்க அரிப்புன்னு சொல்றீங்க."

அந்தச் சொல்லைச் சொன்னதே டிரம்காரருக்கு மறந்துபோயிருந்தது. அப்போது ஒரே அறைதான் வீடு. பயத்தில் வாயில் வந்தது. அன்றைக்குச் சாயங்காலமே இவர் போய்ப் பிறக்காத பிள்ளைக்கு ஒரு குல்லா வாங்கி வந்தார் என்று மனைவி சொல்லத் தொடங்கினார். குல்லா நோயின் ஆணிவேரில் சேராது என்று உதவி டாக்டர் நிறுத்திவிட்டார். ஆணிவேர் கிடைத்துவிட்டது. அப்பா.

மருந்து என்று சின்னச் சின்னச் சர்க்கரை உருண்டைகள் தந்தார்கள். மருந்தில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டுக் குலுக்குவார்கள். அதில் ஒரு சொட்டு எடுத்து மறுபடி தண்ணீரில். இப்படியே போகப் போக மருந்து குறையும், வீரியம் கூடும். கடைசியில் மருந்து என்று எதுவுமே மிஞ்சாது, அதுதான் உச்ச வீரியம் என்று உதவி டாக்டர் விளக்கினார்.

"ஒண்ணுமே இல்லன்னா எப்படிங்க கேக்கும்?" என்று டிரம்காரர் பணிவாகக் கேட்டார்.

"இருந்தாத்தானே பக்கவிளைவு வரும்," என்றார் உதவி டாக்டர்.

களிம்பு கூடாது. காப்பி கூடாது, கற்பூரம் கூடாது, புதினா வாசனை உள்ள பற்பசை கூடாது. இவற்றின் வாசனை பட்டாலே மருந்து முறிந்துவிடும். வீட்டில் காப்பி உண்டா என்று கேட்டார்கள். கிடையாது. பகலெல்லாம் டிரம் பக்கத்தில் நிற்கிறவருக்கு வீட்டுக்கு வந்து காப்பி குடிக்க எங்கே தோன்றும்? வீட்டுக்குப் போனதும் களிம்புக் குழாயை அவரே பிதுக்கிக் காலியாக்கிக் குப்பையில் போட்டார். பாவத்தைத் தொலைத்ததுபோல இருந்தது.

அடுத்த தடவை போகும்போது பாப்பாவின் கழுத்துக்கும் பரவியிருந்தது. உதவி டாக்டர் முகம் மலர்ந்தது. "வெளிய வருது, வெளிய வருது" என்று சொல்லிக்கொண்டே போய் மணியை அடித்தார். காத்திருந்தவர்கள் தட்டினார்கள். தனக்கு ஏன் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் பாப்பா அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒளிந்து நின்றும் சொறிந்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று டிரம்காரரின் மனைவி விசாரித்தார்.

"எங்க வீட்டுக்காரருக்குச் சுத்தமாப் போயிடுச்சுங்க," என்றார் அந்தப் பெண். "அரிப்பு இல்ல, தழும்புகூட இல்ல. டாக்டர் முகம் குடுத்தே பேச மாட்டேங்கறார். யாருக்கும் தெரியாம களிம்பு போட்டீங்களான்னு கேக்கறார்."

அவர் வீட்டுக்காரர் நல்ல தோலோடு மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த தடவை பெரிய டாக்டரைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து அறையில் இருந்தார். மூடிய கதவைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். அதற்கும் அடுத்த தடவை மேல்மாடியில் இருந்தார். பிறகு வெளிநாட்டில் இருந்தார். அவர் நாற்காலியின் முதுகில் அவருடைய மேல்சட்டை மட்டும் தொங்கியது.

"நேர்ல பார்க்கறது ஆரம்ப நிலைங்க," என்றார் உதவி டாக்டர். "டாக்டர் எவ்வளவுக்கு எவ்வளவு இல்லையோ, ஆலோசனைக்கு அவ்வளவு வீரியம். நீங்க இப்ப ரொம்ப உயரத்துல இருக்கீங்க."

டிரம்காரர் நாற்காலியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். பாப்பாவுக்குத் தூக்கம் இல்லை, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், விரல் மடங்காததால் பென்சில் பிடிக்க முடியவில்லை. மேல்சட்டை ஒன்றும் சொல்லவில்லை. துணைக்கு வந்திருந்த மச்சான், வெளியே போகும்போது அதற்கு ஒரு வணக்கம் வைத்தார்.

அன்றைக்குத்தான் உதவி டாக்டர் மூக்கை உயர்த்தினார்.

"என்ன வாசனை இது?"

"வேலை வாசனைங்க," என்றார் டிரம்காரர்.

என்ன வேலை என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. பாப்பாவின் கனவில் வந்த நாயின் நிறம் வரைக்கும் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. உடனே முகர்வுக் குழு கூடியது. மருந்துக் கிடங்கிலிருந்து ஒருவர், பதிவு மேஜையிலிருந்து ஒரு அம்மாள், தலைமைக்கு உதவி டாக்டர். சட்டைக் கழுத்து, தலைமயிர், காதுக்குப் பின்னால் என்று மூன்று பேரும் வரிசையாக முகர்ந்தார்கள். டிரம்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். காப்பிதான் என்று ஒருமனதாக முடிவானது. சட்டையில் அடர்த்தியாக இருந்தது, காதுக்குப் பின்னால் லேசாக இருந்தது.

"லேசாத்தானே இருக்கு? நல்லாத் தேச்சுக் குளிச்சுட்டு வீட்டுக்குப் போறேங்க," என்றார் டிரம்காரர்.

உதவி டாக்டர் பரிதாபமாகப் பார்த்தார். "இத்தனை மாசம் வந்தும் உங்களுக்குப் புரியலையே. லேசா ஆக ஆகத்தான் வீரியம் ஜாஸ்தி. நீங்க குளிக்கக் குளிக்க வாசனை குறையும், வீரியம் ஏறும். குளிச்சுட்டு வந்த மனுஷன்தான் ரொம்ப ஆபத்து."

ஆணிவேரும் டிரம்காரர்தான், மருந்தை முறித்ததும் டிரம்காரர்தான். பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்தியது போதாதென்று, அதற்கு வந்த வைத்தியத்தையும் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கெடுத்திருக்கிறார். பாப்பா ஓடிவந்து சட்டையில் முகத்தை வைத்து, "அப்பா வாசம்" என்று இழுத்து மூச்சுவிடுவாள். அவர் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி மேலாளரிடம் கேட்டார். மூட்டை தைக்கும் பக்கம் போனாலும் பரவாயில்லை என்றார். மூட்டைக்குள்ளே என்ன பஞ்சா இருக்கிறது என்று மேலாளர் கேட்டார். வேலையை விட்டால் வீட்டு வாடகை நிற்கும். அதனால் வீட்டைத்தான் விட வேண்டியிருந்தது. ஆலைக் கிடங்கில், சாக்குகளுக்கு நடுவில் ஒரு பாய் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து, மாடிப்படியில் நின்று, மூடிய கதவுக்கு வெளியிலிருந்து பாப்பாவோடு பேசுவார். சாப்பிட்டாயா, டீச்சர் என்ன சொன்னாங்க என்று கேட்பார். அவள் எல்லாவற்றுக்கும் சின்னக் குரலில் பதில் சொல்வாள். கதவிடுக்கில் காற்று போகிறது என்று மச்சான் ஒருநாள் கண்டுபிடித்தார். டிரம்காரர் நாலு படி கீழே இறங்கி நின்றார். அங்கிருந்து கொஞ்சம் கத்திப் பேச வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

அப்பா வீட்டை விட்டுப் போன பிறகும் பாப்பாவுக்குக் குறையவில்லை. முழங்கை மடிப்பில் மஞ்சளாக நீர் கட்டியது. கை வீங்கியது. ஒருநாள் காலையில் உடம்பு நெருப்பாகச் சுட்டது. மனைவி ஒரு துணியில் சுற்றி நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். உதவி டாக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். இப்படி ஒரு நிலை நிலையத்தின் சரித்திரத்திலேயே வந்ததில்லை என்றார். உச்சக்கட்டம் என்றார். மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, போதாது என்று தோன்றியதோ என்னவோ, மறுபடியும் அடித்தார். மருந்துக் கிடங்கிலிருந்துகூட ஆட்கள் வந்து தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் பாப்பா கண்ணைத் திறக்கவே இல்லை.

மனைவி ஆலைக்கு ஃபோன் போட்டார். டிரம் சத்தத்தில் டிரம்காரருக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

"நீங்க வாங்க. குளிக்க வேணாம், ஒண்ணும் வேணாம். அப்படியே வாங்க."

டிரம்காரர் "இறக்கு" என்று சொல்லாமலே ஓடினார். அன்றைக்கு ஒரு டிரம் கொட்டை முழுவதும் கரியானது.

கரியும் புகையுமாக அவர் நிலையத்துக்குள் நுழைந்ததும் காத்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். பதிவு மேஜை அம்மாள் மருந்துக் கிடங்கின் கதவை ஓடிப்போய்ச் சாத்தினார். டிரம்காரர் பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். உதவி டாக்டர் வழியை மறித்தார்.

"யோசிச்சுக்குங்க. இத்தனை மாசமா வெளிய வந்தது எல்லாம் இப்ப உள்ள போயிடும். பொறுப்பு உங்களோடது."

"சரிங்க, என்னோடதுதான்," என்றார் டிரம்காரர். ஏற்கெனவே இத்தனை சுமந்தவருக்கு இது ஒன்று தனியாகக் கனக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் புண்ணில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலக்கிற நிலை என்றார்கள். ஊசி ஏற்றினார்கள். பழைய தோல் டாக்டர் அம்மாவே வந்து பார்த்தார். களிம்பை எப்போது நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார். டிரம்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, திட்டு விழட்டும் என்று தலையைக் குனிந்து நின்றார். அந்த அம்மா திட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்கி, பாப்பா முழித்திருப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் டிரம்காரருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குத் திட்டே தேவலை.

காய்ச்சல் இறங்கியது. புண் காயத் தொடங்கியது. பாப்பா உட்கார்ந்து கஞ்சி குடித்த அன்று, மச்சான் பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பெரிய டாக்டர் நேரில் காட்சி தந்தார். உதவி டாக்டரும் ஒரு புகைப்படக்காரரும் கூட வந்திருந்தார்கள். பாப்பாவின் கையைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"வெளிய வர வேண்டியது எல்லாம் வந்தாச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க வாசலைக் கூட்டியிருக்காங்க, அவ்வளவுதான். எங்க ஆண்டு விழாவுல நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்."

டிரம்காரர் பாப்பாவின் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார். அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு பெரிய டாக்டர் ஆறுதல் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டோமேன்னு சங்கடப்படாதீங்க. உங்க அவசர புத்தியை நாங்க மனசுல வச்சுக்கல. இத்தனை வருஷத்துல எங்க நிலையத்து மேல ஒரு தப்புகூட வந்தது கிடையாது. எங்க மருந்துல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாதது எப்படிங்க தப்பு பண்ணும்? வந்த தப்புக்கெல்லாம் அவங்கவங்க வீட்டுலயே ஆள் இருந்தாங்க."

"மன்னிச்சுடுங்க டாக்டர்," என்றார் டிரம்காரர். இத்தனை மாதமாக அந்த முகத்தையும் அந்த நாற்காலியையும் பார்த்து அவர் வாய்க்குப் பழகியிருந்தது அது ஒன்றுதான்.

பெரிய டாக்டர் அவர் தோளில் கை வைத்து மன்னித்தார். புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டார். மச்சான் அவர்களை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய்விடப் போனார்.

அறையில் மூன்று பேர் மிச்சம். டிரம்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாம் என்னாலதான்," என்றார்.

"உங்களை யாரு சொன்னது," என்றார் மனைவி. "அந்த 'இப்பவேவா'வை அவங்ககிட்டச் சொல்லித் தொலைச்சது நான். குல்லாவை முதல்ல சொல்லியிருக்கணும்."

பாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இல்லப்பா, நான்தான். சொறியாதே சொறியாதேன்னு அம்மா சொன்னாங்க. நான் அம்மாவுக்குத் தெரியாம சொறிஞ்சேன். அதனாலதானே உங்களைக் கிடங்குக்கு அனுப்பிட்டாங்க?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பாப்பா இன்னும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நாம மூணு பேர் மட்டுந்தானாப்பா தப்பு பண்ணோம்?"

டிரம்காரர் எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் தாழ்வாரத்தில் ஓடினார். லிஃப்டின் கதவு மூடிக்கொண்டிருந்தது. கையை நடுவில் வைத்தார். கதவு திறந்தது. உள்ளே பெரிய டாக்டர், உதவி டாக்டர், புகைப்படக்காரர். வெளியில் நின்றிருந்த மச்சான், "என்ன மாப்ள?" என்றார்.

"டாக்டர், நான் இப்ப உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன் இல்ல," என்றார் டிரம்காரர். மூச்சு வாங்கியது. "அதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

பெரிய டாக்டர் உதவி டாக்டரைப் பார்த்தார். உதவி டாக்டர் புகைப்படக்காரரைப் பார்த்தார். இப்படி ஒன்றை யாரும் இதுவரை திருப்பிக் கேட்டதில்லை. அதற்கு நிலையத்தில் நடைமுறை எதுவும் இல்லை.

"அது உங்களுது இல்ல. ஆள் மாறிக் குடுத்துட்டேன்," என்றார் டிரம்காரர்.

கையை எடுத்தார். கதவு மூடியது, லிஃப்ட் கீழே போனது. அவர் அறைக்குத் திரும்பிப் போய், பாப்பாவின் முன்னால் நின்று, அதை முதலிலிருந்து சொன்னார்.